சாக்கு என்றால் போதும்

போன மாதம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கிரீஷ் போன் செய்தார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நீச்சல் குளப் பராமரிப்புக் கம்பெனியில், டைல்ஸ் சுத்தம் செய்யும் குழுவுக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. தும்கூர் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது மட்டும் கன்னடமும் இங்கிலீஷும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

"மேரியம்மா, ஒரு டவுட்டு. லிஸ்ட்ல நாலாவதா வேலையை நிறுத்துன்னு இருக்கு. அப்புறம் எதுக்கு அஞ்சு, ஆறு, ஏழுன்னு போட்டிருக்கீங்க?"

"நிறுத்துன்னு நான் எங்க போட்டேன்?"

"நாலு, சாக்கு. அப்படித்தான இருக்கு?"

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கையில் இருந்த ஈரத் துண்டோடு அப்படியே உட்கார்ந்து சிரித்தேன். கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம். நான் சொன்னது கோணிச் சாக்கை. நான் ஓய்வு பெறும்போது, வேலை முறையைச் சொல்லுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷ் எழுத்தில் டைப் அடித்துக்கொண்டார்கள். அதுதான் அந்த லிஸ்ட். இப்போது கிரீஷின் ஆட்கள் மூன்று வீடுகளில் நாலாவது வரி வரைக்கும் செய்துவிட்டு, பிரஷைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். குளத்து ஓரம் பாதி சவரம் செய்த முகம் மாதிரி இருக்கிறது என்று வீட்டுக்காரர்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள்.

விளக்கிச் சொன்னேன். அவரும் மறுநாளே கோணியோடு போய் மூன்று வீட்டு வேலையையும் முடித்துவிட்டார். பிறகு கேட்டார், "அந்த வார்த்தைய மாத்திடலாமா மேரியம்மா? கோணின்னா ரெண்டு பாஷையிலயும் கோணிதான்." நியாயமான யோசனை. ஆனாலும் மாற்ற வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் எல்லாம் சேர்ந்து வருகிறது. வரட்டும்.

கல்யாணமாகி வாணியம்பாடியிலிருந்து லிங்கராஜபுரத்துக்கு வந்தவள் நான். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா மூலமாக ஒரு கிளப்பில் பெருக்குகிற வேலை கிடைத்தது. மூன்றாவது நாள் குளத்து டைல்ஸ் வேலைக்கு ஒரு ஆள் வரவில்லை. பிரஷ் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். பிரஷ் பிடிக்க என்ன படிப்பா வேண்டும், தெரியும் என்று சொல்லிவிட்டேன். அப்படிப் பிடித்த பிரஷை இருபத்தெட்டு வருஷம் கழித்துத்தான் கீழே வைத்தேன். நீச்சல் மட்டும் இன்றுவரை தெரியாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூரில் பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். அதில் சுண்ணாம்பு அதிகம். குளத்தில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் வெயில் பட்டு ஈரம் காயக் காய, அந்தச் சுண்ணாம்பு டைல்ஸில் தங்கிவிடும். வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே சங்கதிதான். கவனிக்காமல் விட்டால் கல்லாக இறுகும். உப்புக்கறை என்போம். அதை எடுப்பதுதான் எங்கள் வேலை.

கிளப் குளத்தைப் பராமரித்த கம்பெனியின் ஆள், என் மேலாள் நஞ்சுண்டப்பா. வெள்ளைச் சட்டையின் கையை இரண்டு மடிப்பு மடித்திருப்பார். மூன்றாவது மடிப்பு மடித்தால் அவரே வேலையில் இறங்கப்போகிறார் என்று அர்த்தம். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எதையும் ஒரு வார்த்தையில்தான் சொல்வார். அதுவும் கன்னடத்தில். எனக்கோ அப்போது கன்னடத்தில் பஸ் நம்பர்கூடச் சொல்லத் தெரியாது.

பிரஷ் பிடித்த அந்த முதல் நாள் நான் முட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையை உயர்த்தி, "சாக்கு, சாக்கு" என்றார். சாக்கு கேட்கிறார் என்று ஓடினேன். பம்ப் ரூமில் கோணிச் சாக்குகள் கிடந்தன. ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி தேய்த்தேன். அவர் என்னையும் சாக்கையும் பார்த்துவிட்டு, "சாக்கம்மா" என்றார். ஒன்று போதாது போலிருக்கிறது என்று இரண்டாவதைக் கொண்டுவந்தேன். மூன்றாவதோடு வந்தபோது, அவசரத்தில் அங்கிருந்த வாளியைத் தட்டிவிட்டேன். வாளியில் இருந்தது வினிகர். ஏணியின் ஸ்டீல் கம்பியைத் துடைக்க வைத்திருப்பார், ஆசிட் பட்டால் ஸ்டீல் கறுத்துவிடும் என்பதால். அவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். வேலைக்கு வந்த மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், கொட்டிய வினிகர்மேல் மூன்று சாக்கையும் போட்டு மூடினேன். அவை ஊறிக் குளத்து விளிம்பில் தொங்கின. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அவர் அந்தச் சாக்குகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். ஒன்றைத் தூக்கிப் பிடித்து, அது தொட்டுக்கொண்டிருந்த டைல்ஸை நகத்தால் சுரண்டினார். கல் மாதிரி இருந்த கறை, ஊறிய சுண்ணாம்பாக வழித்துக்கொண்டு வந்தது. செங்குத்தான சுவரில் வினிகரை ஊற்றினால் நிற்காது, வழிந்து ஓடிவிடும். சாக்கு அதைப் பிடித்து வைத்திருந்தது.

"ஏனு மேரியம்மா இது? யாரு போட்டது?"

"நான்தான் சார். நீங்கதான சாக்கு கேட்டீங்க."

ஸ்டெல்லா அக்கா வந்து இரண்டு பேருக்கும் இரண்டு அர்த்தத்தையும் விளக்கினார். எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. நஞ்சுண்டப்பா சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு, "நாளையிலேந்து பெருக்க வேண்டாம். இங்கே வாங்க" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அப்படித்தான் நான் டைல்ஸ் வேலைக்கு வந்தேன். தப்பாகக் காதில் விழுந்த ஒரு வார்த்தையால் வேலை பறிபோயிருக்க வேண்டும், எனக்குக் கிடைத்தது.

அவரிடம் கற்றது பெரிய பட்டியல் இல்லை. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. குளோரின் டப்பா இருக்கிற அறைக்குள் ஆசிட் கேன் நுழையவே கூடாது. இரண்டும் கலந்தால் வருகிற புகை ஆளைச் சாய்த்துவிடும். எந்தக் கறையானாலும் முதலில் ஒரு மூலையில் ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் வெறும் சுண்ணாம்பு, சுலபமாக வந்துவிடும். நுரைக்காவிட்டால் அது வேறு சாதி. எத்தனை ஆசிட் ஊற்றினாலும் அசையாது, டைல்ஸுக்கு நடுவில் இருக்கிற சிமென்ட்டைத்தான் தின்னும்.

இன்னொன்று, ஈரமான டைல்ஸைப் பார்த்து வேலை முடிந்தது என்று சொல்லவே கூடாது. நனைந்திருக்கும்போது கறை கண்ணுக்குத் தெரியாது, எல்லா டைல்ஸும் புதுப் பெண் மாதிரி மினுங்கும். கழுவி முடித்ததும் நஞ்சுண்டப்பா "ஒணகலி" என்பார். காயட்டும் என்று அர்த்தம். சொல்லிவிட்டு வெளியே போய் பை டூ காபி வாங்கி, ஆளுக்குப் பாதி குடிப்போம். அதற்குள் நான் எட்டிப் பார்க்கப் போனால் முறைப்பார். காய்ந்த பிறகு ஒரு கொத்துப் பஞ்சை எடுத்து டைல்ஸ்மேல் லேசாக இழுத்துக்கொண்டே போவார். ஒரு இழை சிக்கினாலும் அந்த இடத்தில் கறை பாக்கி இருக்கிறது.

ஒரு தடவை இதையெல்லாம் மீறினேன். ஒரு வில்லாவில் கண்ணாடிச் சில்லு டைல்ஸ். சாக்கு போட்டு மூன்று நாள் ஆக வேண்டிய வேலை. எனக்குத்தான் பொறுமை பிறவியிலேயே கிடையாதே. குதிகால் தேய்ப்பார்களே, அந்த நுரைக்கல்லை எடுத்துத் தேய்த்து ஒரே நாளில் முடித்துவிட்டுப் பெருமையாக நின்றேன். நஞ்சுண்டப்பா சாயங்காலம் சாய்ந்த வெயில் அடிக்கும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கண்ணாடி முழுக்கக் கீறல். கறை போனால் போகும், கீறல் போகாது. அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த வீட்டு வேலை வரும்போது என்னைத்தான் அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்தேன். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இனி, அந்த மல்லேஸ்வரம் வேலை.

அது பக்கவாதம் வந்தவர்களுக்கும் எலும்பு முறிந்தவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிற ஒரு மையம். பெயர் வேண்டாம். பின்கட்டில் கூரை போட்ட சின்னக் குளம், வெதுவெதுப்பான தண்ணீர். தரையில் நிற்க முடியாதவர்கள் தண்ணீரில் நடந்து பழகுவார்கள். வெந்நீர்க் குளத்தில் கறை இரண்டு மடங்கு வேகமாகப் படியும். இங்கே பல வருஷமாக யாரும் கவனிக்கவில்லை. நீலக் கண்ணாடிச் சில்லுமேல் விரல் தடிமனுக்கு வெள்ளையாக இறுகி, உடைந்த முட்டை ஓடு மாதிரி கூர்கூராக நின்றது.

அங்கே ராஜலட்சுமி மேடம் என்று ஒருவர் வந்துகொண்டிருந்தார். மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். அரசு ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வலது கையில் மட்டும் உணர்ச்சி இல்லை. அந்தக் கையைக் குளத்து விளிம்போடு வைத்து நடப்பதுதான் பயிற்சி. ஒரு நாள் நடந்து முடிக்கும்போது, பக்கத்தில் தண்ணீர் சிவந்திருப்பதை பயிற்சி கொடுக்கிற ஷில்பா பார்த்தார். மேடத்தின் உள்ளங்கை நீளமாகக் கிழிந்திருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

மையத்தின் நிர்வாகம் குளத்தைப் பூட்டிவிட்டது. டைல்ஸ் முழுவதையும் உடைத்துப் புதிதாகப் பதிக்க மூன்று மாதம் ஆகும் என்றார்கள். எங்களைக் கூப்பிட்டது சும்மா ஒரு அபிப்பிராயம் கேட்கத்தான். நாங்கள் பார்த்துவிட்டு வெளியே வரும்போது ஷில்பா வாசலில் பிடித்துக்கொண்டார்.

"சார், மூணு மாசம் நின்னுபோச்சுன்னா அவங்க காலு பழையபடி ஆயிடும். இப்பதான் பாதம் ஊன்றாங்க. இந்த டைம் விட்டா அப்புறம் வராது சார்."

நஞ்சுண்டப்பா திரும்ப உள்ளே போனார். "ஹத்து தினா கொடுங்க" என்றார். பத்து நாள். நிர்வாகி யோசித்துவிட்டு, பத்தாம் நாள் நாலு பக்கமும் கையை வைக்கிற மாதிரி இருந்தால் திறக்கிறோம், ஒரு பக்கம் பாக்கி இருந்தாலும் உடைக்கத்தான் போகிறோம் என்றார்.  சொட்டு விட்டுப் பார்ப்பதற்கு முன்னால் இவர் எதற்கு நாள் சொல்கிறார் என்று மனதுக்குள் திட்டினேன்.

சொட்டு விட்டுப் பார்த்தோம். மேலே கொஞ்சம் நுரைத்து அடங்கிவிட்டது. அடியில் இருந்தது சாம்பல் நிறத்தில், பீங்கான் மாதிரி. ஆசிட் உதவாது. கண்ணாடி என்பதால் நுரைக்கல்லும் கூடாது. கோடைக்காலம், தெருவே டேங்கர் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. குளத்தைக் காலி செய்தால் மறுபடி நிரப்ப முடியாது. ஒரு அடி மட்டும் இறக்கிக்கொண்டோம். மிச்சம் இருந்தது சாக்கு ஒன்றுதான். வினிகரில் மணிக்கணக்காக ஊறினால் அந்தக் கறைகூடக் கொஞ்சம் கொஞ்சமாக இளகும்.

அதை எப்படிச் செய்தோம் என்று கிரீஷுக்காக எழுதுகிறேன். சாக்கைத் துவைத்துத் தூசி போக்கி, வினிகரும் வெந்நீரும் பாதிப் பாதி கலந்து முக்கி, சொட்டாத அளவுக்குப் பிழிய வேண்டும். கறையோடு ஒட்டி உட்கார்கிற மாதிரி கையால் அழுத்தித் தொங்கவிட்டு, மேல் விளிம்பில் செங்கல் வைக்க வேண்டும். காற்றுப் பட்டுக் காயாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாள். எட்டு மணி நேரம் கழித்து எடுத்து, பிளாஸ்டிக் கத்தியைப் படுக்கவைத்துத் தள்ள வேண்டும். ஒரு தடவைக்குக் காகிதம் கனத்துக்குத்தான் வரும். வந்தது போதும் என்று கழுவிவிட்டு மறுபடி சாக்கு. கறை உதிர்ந்து தண்ணீரில் விழாமல் கீழே துணி பிடிக்க வேண்டும்.

ராஜலட்சுமி மேடம் தினமும் தன் நேரத்துக்குச் சரியாகச் சக்கர நாற்காலியில் வந்து குளத்தங்கரையில் உட்காருவார். "நான் வரலேன்னா என் நேரத்தை வேற யாருக்காவது குடுத்துடுவா" என்பார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் பேச்சு மெதுவாக வரும். இது எதுக்கு என்று சாக்கைக் காட்டிக் கேட்டார். என் முதல் நாள் கூத்தைச் சொன்னேன். அவருக்கு இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. பாதி முகத்தால் சிரித்தார்.

"மூணாவது அர்த்தம் ஒண்ணு இருக்கே. சாக்குப்போக்கு. ஆபீஸ்ல முப்பது வருஷம் நான் அதைத்தான் தினம் கேட்டேன்."

எட்டாம் நாள் மூன்று பக்கம் முடிந்திருந்தது. நாலாவது பக்கத்தில் படிக்கட்டு. பிடித்துக்கொண்டு இறங்குகிற கம்பியும் அங்கேதான். குளத்துத் தண்ணீரையே சூடாக்கி வெந்நீராகத் திரும்ப விடுகிற குழாயும் அதற்குப் பக்கத்தில் என்பதால், கறை மற்ற இடத்தைவிட இரண்டு மடங்கு. எட்டு நாள் சாக்கு போட்டும் பாதிக்குமேல் அப்படியே நின்றது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பையில் இருந்த நுரைக்கல் கைக்கு வந்துவிட்டது. கீறினால் கீறட்டும், அந்தம்மாவின் கை கிழியாமல் இருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கீறின கண்ணாடியில் கறை இன்னும் சீக்கிரம் பிடிக்கும், ஆறு மாதத்தில் பழையபடி ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கல்லை எடுத்தேன்.

"சாக்கு, மேரியம்மா."

நஞ்சுண்டப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். குரல் தாழ்ந்திருந்தது. கல்லை மட்டும் சொல்லவில்லை என்று புரிந்தது. வேலையையே போதும் என்கிறார். நிர்வாகியிடம் போய் முடியவில்லை என்று சொல்லத் தயாராகிவிட்டார். அவர் அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். எதிர்க்கரையில் மேடம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.

நுரைக்கல்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"சாக்கா சார்? இதோ கொண்டுவரேன்" என்றேன்.

போய் ஒரு சாக்கை எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினேன். முதல் நாள் பார்த்த மாதிரியே என்னையும் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.  சட்டைக் கையை மூன்றாவது மடிப்பு மடித்துவிட்டு, சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு இரண்டு நாள் நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒரு பக்கத்திலேயே கிடந்தோம். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றின சாக்கை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றினோம். மையத்துச் சமையலறையில் வினிகரைச் சூடாக்கித் தரச் சொன்னார் நஞ்சுண்டப்பா. மூக்கைப் பொத்திக்கொண்டு சூடாக்கித் தந்தார்கள். பக்கத்தில் ஓடுகிற வெந்நீர்க் குழாயை நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றியது. அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். நாங்கள் எடுக்க எடுக்க அது மறுபடி படிந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. லிஸ்ட்டில் முதல் வரியோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கிரீஷ்.

பத்தாம் நாள் காலை சாக்கை எடுத்துக் கத்தியைப் படுக்கவைத்தபோது, கறை அப்பளம் மாதிரி பட்டையாகக் கழன்று வந்தது. கழுவினோம். நிர்வாகி குனிந்து பார்த்து நன்றாக இருக்கிறதே என்றார். "ஒணகலி" என்று சொல்லிவிட்டு நஞ்சுண்டப்பா என்னைக் காபிக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் பாதிக் காபியைக் குடிக்காமலே வைத்துவிட்டேன். திரும்பி வந்து முட்டி போட்டு நாலு பக்கமும் பஞ்சை இழுத்தேன். கம்பிக்குப் பக்கத்தில் ஒரு இழை சிக்கியது. அந்த இடத்தை மட்டும் மறுபடி தள்ளி, கழுவி, காயவைத்து இழுத்தேன். சிக்கவில்லை. பஞ்சைக் கொண்டுபோய் மேடத்தின் இடது கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆபீசில் கோப்பைப் பார்ப்பார்களே, அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

ஒரு அடித் தண்ணீர் ஏற மறுநாள் காலை வரை ஆனது. எங்களுக்கு அன்று வேறு இடத்தில் வேலை. ஆனாலும் போகிற வழியில் இரண்டு பேரும் அங்கே போய் நின்றோம். மேடம் கம்பியைப் பிடித்து இறங்கினார். இடது கையால் வலது கையைத் தூக்கி டைல்ஸ்மேல் வைத்தார். ஷில்பா பக்கத்திலேயே வர, ஒரு சுற்று முழுதாக நடந்தார். நாலாவது பக்கம் வந்தபோது நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டுக்கு வந்ததும் ஷில்பா அவருடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பழைய தழும்பு இருந்தது. புதிதாக ஒரு கீறல்கூட இல்லை.

"சாக்கு மேடம். இவத்திகே சாக்கு" என்றார் ஷில்பா. இன்றைக்கு இது போதும் என்று அர்த்தம்.

மேடம் கரையில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"மேரி. ஷில்பா சாக்கு கேக்கறா பாரு. ஒண்ணு கொண்டுவந்து குடு."

சொல்லிவிட்டு இரண்டாவது சுற்றை நடக்க ஆரம்பித்தார். பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். அத்தனை வருஷத்தில் நஞ்சுண்டப்பா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நாலாவது வரி அப்படியே இருக்கட்டும், கிரீஷ்.